அண்ணனுக்கு இரண்டு கருமாதி, அண்ணிக்கு ஒன்று போதும்

அண்ணன் நம்மை விட்டுப் போய் இந்த ஆடியோடு ஒரு வருடம் நிறைகிறது. தலைத் திவசத்துக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் சொந்தபந்தங்களுக்கும் அண்ணனோடு பழகிய எல்லாருக்கும் தம்பியின் வணக்கம். முதல் பக்கத்துப் படத்தை மட்டும் பார்த்துவிட்டு மடித்துப் பையில் வைத்துக்கொள்ளாதீர்கள். முழுக்கப் படியுங்கள். உங்களில் சிலருக்கு நான் சொல்ல வேண்டிய பதில் இதற்குள் இருக்கிறது.

நான் மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவன். ஆனால் அரியாங்குப்பத்தில் இன்றைக்கு நிமிர்ந்து நிற்கும் மாடி வீடுகளில் எத்தனையோ வீடுகளுக்கு, கான்கிரீட் இறுகுகிற வரைக்கும் அடியில் முட்டுக் கொடுத்து நின்றது என் சென்ட்ரிங் பலகைதான். என் பலகையின் மேல் கொட்டிய தளம் ஒன்றுகூட இதுவரை இறங்கியதில்லை. படித்த இஞ்சினீயர்கள் என்னிடம் வந்து, "பெரியவரே, முட்டுகளை எப்போது பிரிக்கலாம்?" என்று கேட்டுவிட்டுத்தான் பிரிப்பார்கள். இதைப் பெருமைக்காகத்தான் சொல்கிறேன். உழைத்தவன் பெருமை பேசாவிட்டால் உழைக்காதவன் பேசிவிடுவான். இந்தக் கட்டுரையைக் கையால் எழுதியது என் மருமகள். சொல் முழுக்க என்னுடையது.

கேள்வி இதுதான். புருஷன் போய் ஒரு வருடம் ஆகிறது, அண்ணி இன்னும் கழுத்தில் தாலியோடும் நெற்றியில் பொட்டோடும் இருக்கிறார்களே, வரும் ஆவணியில் அண்ணன் பேத்தியின் கல்யாணத்தில் அவர்கள் முன்னால் நிற்கலாமா, நலங்கு வைக்கலாமா? என் முகத்துக்கு நேராகக் கேட்டவர்கள் இரண்டு பேர். மற்றவர்கள் டீக்கடையிலும் கோயில் வாசலிலும் கேட்டிருக்கிறார்கள். அண்ணன் வாழ்க்கையை முதலிலிருந்து சொன்னால்தான் பதில் விளங்கும். சொல்கிறேன்.

அண்ணன் பிறந்தது புதுச்சேரியின் பாகூர் கொம்யூனைச் சேர்ந்த எங்கள் ஊரில், ஏரி மதகை ஒட்டியிருந்த கூரை வீட்டில். ஒன்றரைக் காணி நெல் நிலமும், வாரத்துக்கு எடுத்த கொஞ்சம் கரும்பும்தான் எங்கள் அப்பாவிடம் இருந்தவை. அண்ணனுக்குப் பதினான்கு வயதாக இருந்தபோது கரும்புத் தோட்டத்தில் பாம்பு கடித்து அப்பா இறந்துவிட்டார். அதோடு அண்ணன் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு ஏர் பிடித்தார். எனக்கு ஒன்பது வயது. அவரைப் பார்த்து நானும் பையைத் தூக்கி எறிந்தேன். அதற்காக என்னை அடித்தார். எழுபது வருடத்தில் அவர் கை என் மேல் விழுந்தது அந்த ஒரு நாள்தான். அந்த அடியை வாங்கிக்கொண்டேனே தவிர பள்ளிக்கூடத்துக்குப் போகவில்லை. அது வேறு விஷயம்.

ராணுவத்துக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு மூன்று முறை போனார். இரண்டு முறை மார்பளவு போதவில்லை என்று திருப்பி அனுப்பினார்கள். மூன்றாவது முறை எடுத்துக்கொண்டார்கள். அவர் பயிற்சியில் இருக்கும்போது அம்மாவும் போய்விட்டார். லீவில் வந்த அண்ணன், வீட்டில் நான் தனியாகக் கஞ்சி காய்ச்சிக் கையைச் சுட்டுக்கொண்டிருப்பதைப் பார்த்துவிட்டு மதகடிப்பட்டுப் பக்கம் பெண் பார்த்தார். "தம்பிக்குச் சோறு போட வீட்டில் ஆள் வேண்டும்" என்று பெண் வீட்டாரிடமே சொன்னவர். அண்ணி இன்றைக்கும் என்னைக் கிண்டல் செய்வார்: "தாலி கட்டினது உங்க அண்ணன். ஆனா பொண்ணு பாத்தது ஒன் வயிறுதான் தம்பி."

அந்த வயிற்றுக்கு அவர் போட்ட சோற்றைத் தின்றுவிட்டு நான் செய்த காரியத்தை இனிமேல்தான் சொல்லப் போகிறேன்.

வங்காள தேசம் பிறந்த அந்தப் போரில் அண்ணன் மேற்கு எல்லையில் இருந்தார். போர் முடிந்த பிறகு ஒரு தந்தி வந்தது. பாகூரிலிருந்து அதைக் கொண்டு வந்தவரே படித்துச் சொன்னார். ஆளைக் காணவில்லை, விவரம் தெரிந்தால் பிறகு சொல்கிறோம் என்று இருந்தது. இறந்தார் என்று அதில் எங்கும் இல்லை. இது நன்றாக நினைவில் இருக்கட்டும்.

அப்போது அண்ணிக்கு இருபது வயது. மகள் பிறந்து ஆறு மாதம். எனக்குப் பத்தொன்பது. எங்கள் குடும்பத்துக்குப் பெரியவர் என்று இருந்தவர் பெரியப்பா. அவருடைய மகளுக்குப் பங்குனியில் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. அவள் என்னைவிட ஒரு வயது சின்னவள், எனக்குத் தங்கச்சி. தந்தி வந்து தை முடிந்தது, மாசி பிறந்தது, வேறு தகவல் வரவில்லை. சாவா இல்லையா என்று தெரியாமல் பங்காளி வீட்டில் எப்படி மேளம் கொட்டுவது? மாப்பிள்ளை வீட்டார் கேட்க ஆரம்பித்தார்கள். பெரியப்பா என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தார்.

"இருக்கானா இல்லையான்னு தெரியாம எத்தினி மாசம்டா இப்படியே கெடக்கிறது? நீதான இப்ப இந்த வூட்டு ஆம்பள. நின்னு காரியத்த முடி."

ஆம்பளை என்று என்னை அதுவரை யாரும் சொன்னதில்லை. அந்த ஒரு சொல்லுக்கு நான் மயங்கிவிட்டேன். உடல் கிடைக்காதவருக்குச் செய்வது போலத் தர்ப்பையில் உருவம் செய்து, அதன் மேல் அண்ணனின் பழைய சட்டையைப் போட்டு, ஏரிக்கரையில் வைத்துக் கொள்ளி போட்டேன். அப்போதுதான் அரும்பியிருந்த மீசையை மழித்துக்கொண்டேன். கறுப்புக் கட்டம் போட்ட கருமாதிப் பத்திரிகையில் அண்ணன் பெயருக்குக் கீழே என் பெயரை அச்சடித்தார்கள். என் பெயரை முதன்முதலாக அச்சில் பார்த்தது அதில்தான்.

அண்ணி ஒத்துக்கொள்ளவில்லை. பதினாறாம் நாள் கோடிப் புடவையோடு வந்து நின்ற பெண்களைப் பார்த்துச் சொன்னார்:

"ஒடம்பக் காட்டுங்க. பாத்துட்டு நானே கழட்டிக் குடுக்கறேன்."

பதில் இல்லாதபோது மனிதர்கள் கையைத்தான் நீட்டுவார்கள். நான்கு பெண்கள் அண்ணியைப் பிடித்துக்கொண்டார்கள். தாலியை அறுத்துப் பால் சொம்பில் போட்டார்கள். வளையல் உடைகிற சத்தம் எனக்கு வெளியே கேட்டது. நான் உள்ளே போயிருக்கலாம். நிறுத்துங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். மழித்த முகத்தோடு வாசலில் நின்றுகொண்டிருந்தேன். "இதை எழுத வேண்டாமே மாமா" என்று மருமகள் பேனாவை வைத்துவிட்டாள். எழுது என்று சொன்னேன். பெருமையை அச்சடிக்கிறவன் இதையும் அச்சடிக்க வேண்டும்.

பங்குனியில் பெரியப்பா வீட்டில் மேளம் கொட்டியது. அண்ணி பந்தலுக்கு வரவில்லை. அவரை வர விட்டிருக்கவும் மாட்டார்கள்.

அடுத்த மார்கழியில் ஒரு நாள் நடுப்பகலில், பாகூரில் பஸ்ஸை விட்டு இறங்கி ஏரிக்கரை வழியாக அண்ணன் நடந்து வந்தார். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒருவர் அவரைப் பார்த்துவிட்டு ஆடுகளை அப்படியே விட்டுவிட்டு ஓடினார். அண்ணனுக்கு ஒன்றும் புரியவில்லை. வீட்டுக்கு வந்தார். அண்ணி வாசலில் மல்லாட்டை உரித்துக் கடலையை முறத்தில் சேர்த்துக்கொண்டிருந்தார். வெறும் நெற்றி, வெறும் கழுத்து, வெறும் கை. அண்ணன் பெட்டியைக் கீழே வைக்காமலே கேட்டார்:

"யாரு செத்தது?"

அண்ணி நிமிர்ந்து பார்த்தார். அழவில்லையாம். மயங்கி விழவும் இல்லையாம். சொன்னாராம்: "நீங்கன்னு சொன்னாங்க. நான் ஒத்துக்கல."

நான் வயலில் இருந்து ஓடி வருவதற்குள் அண்ணன் குளித்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்திருந்தார். வலது கையில் கடைசி இரண்டு விரல்கள் இல்லை. இடது கையால் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். என்ன நடந்தது என்று அன்றைக்குக் கொஞ்சம் சொன்னார், பிறகு எப்போதும் சொன்னதில்லை. பின்வாங்கச் சொன்னபோது காலில் குண்டு பட்ட ஒரு பஞ்சாபிக்காரரை விட்டுவிட்டு வர அவருக்கு மனம் வரவில்லை. தூக்கிக்கொண்டு வந்தார். வேகமாக வர முடியவில்லை. இரண்டு பேரும் பிடிபட்டார்கள். அந்தப் பஞ்சாபிக்காரர் பிழைத்தார். அண்ணன் கிட்டத்தட்ட ஒரு வருடம் எதிரி நாட்டு முகாமில் இருந்துவிட்டு, கைதிகளை மாற்றிக்கொண்டபோது வந்து சேர்ந்தார். முகாமிலிருந்து இரண்டு கடிதம் போட்டாராம். ஒன்றும் எங்களுக்கு வரவில்லை. அவர் வருகிறார் என்று சொல்லும் தந்தி அவர் வந்த மறுநாள் வந்தது. அதை அவரே கையெழுத்துப் போட்டு வாங்கினார்.

ஊர்ப் பெரியவர்கள் கூடினார்கள். கருமாதி ஆனவன் அப்படியே வீட்டுக்குள் போனது தப்பு என்றார்கள். புதிதாகப் பிறந்த பிள்ளைக்குச் செய்வது போலப் பெயர் வைத்து, காது குத்தி, பரிகாரம் எல்லாம் செய்ய வேண்டும், அதுவரை மாட்டுக் கொட்டகையில் இருக்க வேண்டும் என்றார்கள். பெரியப்பா இன்னும் ஒரு படி மேலே போனார். அறுத்த கழுத்தில் மறுபடி தாலி ஏறினால் குடும்பத்துக்கு ஆகாது, அண்ணியின் தங்கையைக் கட்டிக்கொள், அண்ணியும் ஒரு பக்கம் இருந்துவிட்டுப் போகட்டும் என்றார்.

அண்ணன் சத்தம் போடவில்லை. "நான் சாகல பெரியப்பா. சாகாதவனுக்கு பரிகாரம் இன்னாத்துக்கு? அங்க என்னப் புடிச்சவன்கூட நான் உயிரோட இருக்கேன்னு பேரு எழுதி வெச்சிருந்தான். நீங்க இன்னாடான்னா பத்திரிக அடிச்சிட்டீங்க" என்றார். எழுந்து வீட்டுக்குப் போய்விட்டார்.

பிரச்சினை அதோடு முடிந்திருக்கும். அண்ணி முடிய விடவில்லை. கண்ணாடி முன்னால் நின்று ஒரு பொட்டை வைத்துக்கொள்ள எவ்வளவு நேரம் ஆகும்? அவர் வைத்துக்கொள்ளவில்லை. எடுத்தவர்கள்தான் வந்து வைக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார். நான்கு பெண்களும், சொல்லிக் கொடுத்த பெரியப்பாவும், கொள்ளி போட்ட நானும், தெருவழியாகத் தாம்பாளம் எடுத்து வர வேண்டும். உயிரோடு வந்த புருஷன் வீட்டுக்குள் இருக்க, எட்டு நாள் அதே வெறும் நெற்றியோடு ஊர்க் கிணற்றுக்குப் போய்த் தண்ணீர் எடுத்து வந்தார். பார்த்தவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

எட்டாம் நாள் பெரியப்பா இறங்கி வந்தார். மனம் மாறி வந்தார் என்று பொய் சொல்ல மாட்டேன். உயிரோடு இருப்பவனுக்குக் கருமாதி செய்துவிட்டு நடத்திய கல்யாணம் என்று தங்கச்சியை அவள் மாமியார் வீட்டில் பேச ஆரம்பித்திருந்தார்கள். மஞ்சள், குங்குமம், பூ, புடவை வைத்த தாம்பாளத்தை நான் தலையில் சுமந்து தெருவின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு நடந்தேன். எனக்குப் பின்னால் அவர்கள் ஐந்து பேர். என்னால் அண்ணன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. காலில் விழுந்தேன். அவர் என் தாடையைப் பிடித்துத் தூக்கிப் பார்த்துவிட்டு, "மீச மொளைச்சிடுச்சாடா?" என்று கேட்டார். அதைப் பற்றி என்னிடம் அவர் கேட்டது, கடைசிக் காலம் வரைக்கும், அது ஒன்றுதான்.

தையில் அம்மன் கோயிலில் மறுபடி தாலி கட்டினார். வழக்கப்படி முதல் முடிச்சை மாப்பிள்ளை போட, மற்ற இரண்டையும் நாத்தனார் போட வேண்டும். தங்கச்சி பின்னால் வந்து நின்றாள். அண்ணன் அவளை நிறுத்திவிட்டார். "மூணும் நானே போட்டுக்கிறேன்" என்றார். இரண்டு விரல் இல்லாத கை. கயிறு வழுக்கிக்கொண்டே இருந்தது. நாதஸ்வரக்காரர் கெட்டிமேளத்தை நிறுத்த முடியாமல் ஊதிக்கொண்டே இருந்தார், அவருக்கு மூச்சு வாங்கியது. மகள், ஒன்றரை வயதுப் பிள்ளை, அண்ணி மடியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் இப்போதும் சொல்லுவாள், "எங்க அப்பா அம்மா கல்யாணத்த நான் நேர்ல பாத்தவ" என்று. எத்தனை பேரால் அப்படிச் சொல்ல முடியும்?

கை இப்படி ஆனதால் ராணுவத்திலிருந்து அனுப்பிவிட்டார்கள். அண்ணன் அதற்காக ஒரு நாளும் புலம்பியதில்லை. நிலத்தைப் பார்த்தார். ஒரு தொழிற்சாலையில் வாட்ச்மேனாக இருந்தார். இடது கையால் எழுதப் பழகினார். மகளுக்குப் பிறகு இரண்டு மகன்கள். அந்த மூன்று விரல் கையால் மகளுக்குப் பள்ளிக்கூடம் போகிற வயது முழுக்க இரட்டைச் சடை பின்னிவிட்டவர் அவர்தான். சாப்பிட்ட தட்டைத் தானே கழுவுவார். அதைப் பார்த்து உறவுக்காரர்கள் சிரித்தார்கள். அவர் கழுவிக்கொண்டே இருந்தார். வீட்டுக் கதவைத் தாழ்ப்பாள் போட்டுப் படுக்க அவரால் முடிந்ததே இல்லை. அண்ணியும் ஏன் என்று கேட்டதில்லை. நான் முதன்முதலாகச் சொந்தமாகச் சென்ட்ரிங் வேலை எடுத்தபோது பலகைகளைத் தலையில் சுமந்து வந்து இறக்கியவர் அவர். நான் பெரிய ஆளான பிறகு என் காரில் ஏறச் சொன்னால், "நீ போ, நான் பஸ்ல வர்றேன்" என்பார். என்னைப் பற்றிப் பெருமையாக அவர் ஒரு சொல் சொல்லி நான் கேட்டதில்லை. ஆனால் அரியாங்குப்பத்தில் பஸ் போகும்போது பக்கத்தில் இருப்பவரிடம், "இந்த மாடி எங்க தம்பி நிறுத்தினது" என்று காட்டுவாராம். மூன்று பேர் என்னிடம் வந்து சொல்லியிருக்கிறார்கள்.

கருமாதிப் பத்திரிகையைப் பத்திரமாக வைத்திருந்தார். வருடா வருடம் பென்ஷனுக்காக உயிரோடு இருப்பதாகச் சான்று கொடுக்க வேண்டும் அல்லவா, அந்தக் காகிதங்களை எல்லாம் அதே பெட்டியில் வைப்பார். ஏரி வாய்க்காலை ஒருவர் அடைத்துக் கட்டிடம் எழுப்பப் பார்த்தபோது, அண்ணன் போய் வாய்க்காலுக்குள் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். மிரட்டினார்கள். "எனக்குக் காரியம் எப்பவோ ஆயிடுச்சு. புதுசா இன்னா பண்ணப் போற?" என்று கேட்டார். வாய்க்காலில் இன்றைக்கும் தண்ணீர் போகிறது. அதில் பாய்கிற நிலக்காரர்களுக்குத் தெரியும்.

போன வருடம் வைகாசியில் நெஞ்சில் சளி கட்டி மூச்சு விடச் சிரமப்பட்டார். புதுச்சேரியில் ஆஸ்பத்திரி. பிறகு வீடு. பிறகு மறுபடி ஆஸ்பத்திரி. ஆடி பிறந்த மூன்றாம் நாள் என்னை மட்டும் பக்கத்தில் கூப்பிட்டார். ஆக்ஸிஜன் முகமூடியைக் கழற்றிவிட்டுப் பேசினார். மெதுவாகத்தான் பேச முடிந்தது.

"எங்காரியத்த நீ ஒருவாட்டி செஞ்சிட்ட. இந்தவாட்டி பசங்க செய்யட்டும். நீ உங்க அண்ணி பக்கத்துல நில்லு. போனவாட்டி அந்தப் பக்கம் நின்னுட்ட."

ஐம்பது வருடமாக அவர் வாயைத் திறக்காத விஷயம். இரண்டு நாளில் அண்ணன் போய்விட்டார்.

அவரோடு ராணுவத்தில் இருந்தவர்கள் ஆறு பேர் வந்து மலர் வளையம் வைத்து சல்யூட் அடித்தார்கள். அதில் ஒருவருக்கு நிற்கவே முடியவில்லை, இருந்தும் நின்றார். மகன்கள் கொள்ளி வைத்தார்கள். பதினாறாம் நாள் காலையில் தங்கச்சி கோடிப் புடவையோடும் பால் சொம்போடும் வந்தாள். அவள் புருஷனை இழந்து ஆறு வருடம் ஆகிறது. அவளோடு இன்னும் சில பெண்கள். அண்ணி பாயில் உட்கார்ந்திருந்தார். நான் அவருக்குப் பக்கத்தில், வாசலுக்கும் அவருக்கும் நடுவில் நின்றேன்.

தங்கச்சி கெட்டவள் இல்லை. வழக்கத்தைச் செய்ய வந்தாள். "அண்ணி, நேரமாவுது" என்றாள்.

அண்ணி சொன்னார்: "ஒருவாட்டி அறுத்தீங்க. அவரு திரும்பி வந்தாரு. ஒரு புருசனுக்கு எத்தினிவாட்டி அறுப்பீங்க? இதுல இருக்கிற மூணு முடிச்சும் அவரு போட்டது. அவர வந்து அவுக்கச் சொல்லுங்க."

கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது. நாளைக்கு இந்த வீட்டில் நல்லது கெட்டது நடக்க வேண்டாமா என்று யாரோ கேட்டார்கள். நான் சொன்னேன், நடக்கும், நானே நடத்துவேன், அண்ணி உட்காருகிற இடத்தில்தான் நடத்துவேன் என்று. என் குரல் எப்படிப்பட்டது என்று உங்களுக்குத் தெரியும். தெருமுனை வரைக்கும் கேட்டிருக்கும்.

தங்கச்சி சொம்பைக் கீழே வைத்தாள். என்னைப் பார்த்தாள்.

"எனக்கு அறுத்தாங்களே ண்ணா. அன்னிக்கு நீ வாசல்லதான இருந்த. இதே கொரல் எங்க போச்சு?"

சாப்பிடாமல் போய்விட்டாள். அவளோடு நாலைந்து குடும்பமும் போனது. அண்ணி செய்தது அநியாயம் என்று அன்றிலிருந்து பேசிக்கொண்டிருப்பவர்களே, நடந்தது இதுதான். கூட்டாமல் குறைக்காமல் எழுதியிருக்கிறேன். அண்ணி வழக்கத்தை மீறவில்லை. அவருக்குச் செய்ய வேண்டியதை இருபது வயதிலேயே, உயிரோடு புருஷன் இருக்கும்போதே, முழுசாகச் செய்து முடித்துவிட்டோம். பாக்கி ஒன்றும் இல்லை. இதற்கு மேலும் கேட்க வருகிறவர்கள், அந்த எட்டு நாள் வெறும் நெற்றியோடு தண்ணீர் சுமந்த நடையை நடந்துவிட்டு வந்து கேளுங்கள்.

இனி நன்றி சொல்ல வேண்டும். அண்ணனுக்குக் கடைசி நாட்களில் முகம் சுளிக்காமல் செய்த நர்ஸ் பிள்ளைகளுக்கும், மூச்சுத் திணறிய அன்றைக்கு வண்டியை எடுத்துக்கொண்டு ஓடி வந்த எதிர்வீட்டுப் பிள்ளைக்கும், சல்யூட் அடிக்க ஊர் ஊராக பஸ் மாறி வந்த ஆறு பேருக்கும், பதினாறாம் நாள் பாதிப் பந்தி காலியாக இருந்தபோது இரண்டாவது முறை உட்கார்ந்து சாப்பிட்டு இலையை நிரப்பிய என் சென்ட்ரிங் ஆட்களுக்கும் குடும்பத்தின் சார்பில் கும்பிடு. அந்தப் பஞ்சாபிக்காரரின் மகன் போனில் பேசினார். அவர் பேசிய மொழி எனக்குப் புரியவில்லை. அழுதது புரிந்தது. அவருக்கும் நன்றி.

இன்னொருவருக்கும் சொல்ல வேண்டும். போன மாதம் பேத்தி கல்யாணம் பேசத் திருக்கனூருக்குப் போயிருந்தேன். மாப்பிள்ளையின் தாய்மாமன்தான் பேசினார். நம் வீட்டுப் பேச்சு அவர் காது வரைக்கும் போயிருந்தது. சுற்றி வளைக்காமல் சொன்னேன்: எங்கள் அண்ணி பொட்டோடு வருவார், பேத்திக்கு முதல் நலங்கு அவர்தான் வைப்பார், சம்மதம் என்றால் தேதி குறிப்போம், இல்லை என்றால் காபி குடித்துவிட்டுக் கிளம்புகிறேன். அவர் யோசித்தார். நாங்கள் நாலு பேருக்குக் கட்டுப்பட்டவர்கள் என்று ஆரம்பித்தார்.

அப்போது அடுக்களையிலிருந்து மாப்பிள்ளையின் அம்மா வெளியே வந்தார். மாப்பிள்ளைக்கு ஐந்து வயதாக இருக்கும்போதே புருஷனை இழந்தவர். முன்பு பேத்திக்குப் பூ முடித்தபோதுகூட அடுக்களையைத் தாண்டி வராதவர். அவர் முகத்தை நான் பார்த்ததே அன்றைக்குத்தான். தன் அண்ணனான அந்தத் தாய்மாமன் இருக்கும் பக்கம் பார்க்காமல் என்னைப் பார்த்துக் கேட்டார்:

"அப்ப நானும் எம்புள்ளைக்கு நலங்கு வெக்கலாமா சம்பந்தி?"

அண்ணியைக் கேட்டுச் சொல்கிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன். தாய்மாமன் அதற்கு மேல் மறுக்கவில்லை. தேதி குறித்தாகிவிட்டது.

வீட்டுக்கு வந்து அண்ணியிடம் சொன்னேன். "மொத நலங்கு அவங்க வெக்கட்டும் தம்பி. எனக்கு ரெண்டாவது போதும்" என்றார்.

ஆகவே இந்த மலரில் அச்சடித்தே சொல்கிறேன். ஆவணியில் இரண்டு பிள்ளைகளையும் ஒரே பந்தலில் உட்கார வைப்போம். முதல் நலங்கு சம்பந்தியம்மா. இரண்டாவது அண்ணி. விருப்பம் இல்லாதவர்கள் வர வேண்டாம், நான் வருத்தப்பட மாட்டேன், வந்தவர்களை வைத்து நடத்திக் காட்டுவேன்.

தங்கச்சி, நீ கேட்ட கேள்விக்கு அன்றைக்கும் என்னிடம் பதில் இல்லை, இன்றைக்கும் இல்லை. மூன்றாவது நலங்கு உனக்கு. நீ வருகிற வரைக்கும் பிள்ளைகள் மணையில் உட்கார்ந்திருப்பார்கள்.

உங்கள் எல்லாருக்கும் கடமைப்பட்ட,
தம்பி